கிணற்று மேட்டில் கடல்

கிறிஸ்துதாஸ் வளர்த்துச் சாகடித்த ஜீவன்களை வரிசையாக நிறுத்தினால் வடக்கனந்தல் பஸ் நிறுத்தத்தில் ஆரம்பித்துக் கோமுகி அணைக்கட்டு வரை நிற்கும் என்று அவன் பெண்டாட்டி பாத்திமா மேரி சொல்வாள். பொய்யில்லை. காடை வளர்த்தான், ஒரு மார்கழிக் குளிருக்கு மொத்தமும் காலை நீட்டிவிட்டது. முயல் வளர்த்தான், கூண்டுக் கதவுக்குக் கொக்கி போட மறந்தான். வான்கோழியில் ஒன்றே ஒன்று பிழைத்து, தெருவெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தது. அதையும் கிறிஸ்துமஸ் வாரத்தில் நாய் இழுத்துப் போனது. இத்தனைக்குப் பிறகும் அந்த ஆளுக்கு வெட்கம் வரவில்லை. இந்த வருஷம் அவன் கொண்டுவந்து இறக்கியது கடல் புழு.

கடல் புழு! மேற்கே திரும்பினால் கல்வராயன் மலை, கிழக்கே திரும்பினால் கரும்பும் மரவள்ளியும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கடலூருக்குப் பஸ் ஏறிப் பாதி நாள் உட்கார வேண்டும். கடலைப் பற்றி அந்த வீட்டுக்குத் தெரிந்ததெல்லாம் சந்தைக் கருவாடும் செப்டம்பர் மாதத்து வேளாங்கண்ணியும்தான். வேளாங்கண்ணியில்கூட கிறிஸ்துதாஸ் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியவன் கிடையாது.

கருவாடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். குழம்பு கொதிக்கும்போது பாத்திமா உப்புப் பார்க்கச் சொல்லி அவன் கையில் ஒரு சொட்டு விடுவாள். அவன் நக்கிப் பார்த்து, "சரியா கீதுமே" என்பான். உடனே அவள் தன் உள்ளங்கையிலும் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். அந்த நாக்கை நம்பி ஒரு குழம்பைக்கூட அவள் இறக்கியதில்லை.

புழு யோசனை அவனுடையது அல்ல. சொந்தமாக யோசனை பிறக்கிற தலையா அது? பாத்திமாவின் அண்ணன் ஆல்பர்ட் கொடுத்தது. ஆல்பர்ட் கள்ளக்குறிச்சியில் ஒரு ஆபீஸில் கிளார்க். மாதம் பிறந்தால் சம்பளம், சட்டைப் பையில் இரண்டு பேனா, தங்கை வீட்டுக்கு வந்தால் நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவான். அவன் வீட்டு மாடியில் குடியிருந்த ஒருத்தன் ஏதோ கம்பெனிக்காரன். இறால் குஞ்சு பொரிக்கிற பண்ணைகளில் தாய் இறாலுக்கு இந்தப் புழுவைத்தான் உயிரோடு போடுவார்களாம். கடற்கரை மணலில் தோண்டித் தோண்டி மாளவில்லையாம். அதனால் உள்ளே இருக்கிற விவசாயிகளுக்கு மண்ணும் தண்ணீரும் புழுவும் கொடுத்து வளர்க்கச் சொல்கிறார்களாம். புழு தேறியதும் கம்பெனி லாரியே வந்து புழு, தண்ணீர், மண் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுமாம்.

"மாப்ள, நீ ஒண்ணும் கிழிக்க வேணாம். தீனிய தூவிட்டு, காத்து மோட்டார போட்டுட்டு, கால ஆட்டிக்கினு உக்காந்திரு. அது பாட்டுக்கு வளரும்," என்றான் ஆல்பர்ட்.

காலை ஆட்டிக்கொண்டு உட்காருவது கிறிஸ்துதாஸுக்குக் கைவந்த வேலை. அந்த நிமிஷமே சரி என்றுவிட்டான்.

தொட்டியை எங்கே கட்டினான் என்று நினைக்கிறீர்கள்? கிணற்று மேட்டில். கரண்டு அங்கேதான் இருக்கிறதாம்.

அது பாத்திமாவின் அப்பா வெட்டிய கிணறு. ஆல்பர்ட் தன் பங்கு நிலத்தை விற்றுவிட்டு டவுனுக்குப் போனபோது கிணறு இருக்கிற பக்கம் பாத்திமாவுக்கு வந்தது. சித்திரையில் சுற்று வட்டாரத்து போர் எல்லாம் வெறும் காற்றை இழுக்கும்போதும் இதில் ஆளுயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். மரவள்ளிக்கு அந்தத் தண்ணீர்தான், மாட்டுக்கும் அதுதான். பருப்பு அதில் போட்டால் குழையக் குழைய வேகும். வெயில் காலத்தில் பக்கத்துத் தெரு ஜனமெல்லாம் குடத்தோடு வந்து நிற்கும். சொத்து என்று சொல்ல பாத்திமாவுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

லாரி வந்து மண்ணைக் கொட்டி, டேங்கர் வந்து கடல் தண்ணீரைப் பாய்ச்சிய அன்றைக்கு அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"யோவ், இந்த உப்புத் தண்ணி ஒரு சொட்டு என் கெணத்துல உழுந்துச்சு, உன்ன அதே கெணத்துல எறக்கி மேல கல்ல போட்டுருவேன்."

"எப்பிடிமே உழும்? சுத்திக் கல்லு வெச்சி, தார்ப்பாயி ரெண்டு மடிப்பா போட்டுக்கீது பாரு."

"முயலுக்குக்கூடத்தான் கூண்டு வெச்ச."

அவன் குனிந்து தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துவிட்டான். முயல் பேச்சு வந்தால் அவன் வாயே திறக்க மாட்டான்.

"கம்பெனிக்காரன்தான் தண்ணியோட எடுத்துக்கினு போயிடறேன்றானே," என்றான் நிமிர்ந்து.

"புழு உசுரோட இருந்தா வருவான். செத்துப்போச்சுன்னா? செத்த தண்ணிய எவன் வந்து எடுப்பான்? எங்க ஊத்துவ சொல்லு. ஓடையில ஊத்துனா கீழ்க்காட்டுக்காரன் வெட்ட வருவான். இங்கயே ஊத்துனா நேரா கெணத்துக்குத்தான் போவும். மழ பேஞ்சி தொட்டி ரொம்பி வழிஞ்சாலும் கெணத்துக்குத்தான் போவும். இதெல்லாம் யோசிச்சியா நீயி?"

"சாவாதுமே."

"நீ வளக்கறது சாவாதா? அட சேசுவே!"

பங்குச் சாமியாரைக் கூட்டி வந்து தொட்டியை மந்திரிக்கவும் செய்தான். அவர் தெளித்த தீர்த்தம் ஒன்றுதான் அந்தத் தொட்டியில் இருந்த நல்ல தண்ணீர்.

களை வெட்ட வந்த வெள்ளச்சி தொட்டிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். வெள்ளச்சி மலைக்காரி. மேலே சாமைக் கதிர் முற்றுகிற வரைக்கும் கீழே இறங்கிப் பாத்திமாவின் மரவள்ளிக் காட்டில் களை வெட்டுவாள். வேலையைவிடப் பேச்சு ஜாஸ்தி, ஆனால் வேலையும் நடக்கும்.

"த்தூ! இன்னாக்கா இது! எங்க ஊருல உப்பு வாங்க மலையேறி எறங்கறோம். இங்க தொட்டி தொட்டியா வீணாக் கெடக்குது."

"வேணும்னா நாலு கொடம் தூக்கிக்கினு போ. புண்ணியமா போவும்."

"இந்த ஆடு பாருக்கா, கல்ல நக்கிக்கினே நிக்குது."

உண்மைதான். பாத்திமாவின் ஆடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டுத் தொட்டிச் சுவரில் பூத்த உப்பை நக்கிக்கொண்டு நின்றன. அந்தத் தொட்டியால் லாபம் பார்த்த ஜீவன் அதுகள் மட்டும்தான்.

தண்ணீர் தெளிந்த பிறகுதான் தெரிந்தது, மண்ணோடு மண்ணாகக் கம்பெனிக்காரன் கணக்கில் இல்லாத ஜனமும் வந்து இறங்கியிருக்கிறது என்று. அடியில் ஒரு சாண் மண், அதன் மேல் முழங்கால் தண்ணீர். விரல் நகம் அளவு மட்டிகள் மண்ணுக்குள் புதைந்துகொண்டு, மேலே இரண்டு குழாயை மட்டும் நீட்டி, ஒன்றால் தண்ணீரை இழுத்து இன்னொன்றால் துப்பின. ஒரு பொடி நண்டு பின்பக்கமாகவே மண்ணில் இறங்கி, கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு வேவு பார்த்தது. வழவழவென்று உருண்டையாக ஒரு நத்தை இருந்தது. அது மண்ணுக்கு அடியிலேயே உழுதுகொண்டு போகும், மேலே கோடு மட்டும் தெரியும். மறுநாள் பார்த்தால் ஒரு மட்டியின் ஓட்டில் மூக்குத்தி போடுகிற அளவுக்குச் சுத்தமாக ஒரு ஓட்டை இருக்கும், உள்ளே காலி.

புழுக்கள் சீக்கிரத்தில் கண்ணில் படாது. மணல் துகள்களை எச்சில் மாதிரி எதையோ வைத்து ஒட்டி, ஆளுக்கொரு குழாய் கட்டிக்கொண்டு உள்ளே கிடந்தன. தீனித் தூள் விழுந்தால் குழாய் வாயில் தலை எட்டிப் பார்க்கும். சிவப்பும் பச்சையுமாக உடம்பு, இரண்டு பக்கமும் பூரானுக்கு இருக்கிற மாதிரி கால் கால். லபக்கென்று கவ்விக்கொண்டு உள்ளே போய்விடும்.

பாத்திமா இதையெல்லாம் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்த நேரத்தில் பார்த்ததுதான். வேண்டுமென்று பார்க்கப் போனாள் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவாள். ஆனால் மாடு குடித்து முடித்து வாலை ஆட்டிக்கொண்டு நின்ற பிறகும் அவள் தொட்டி ஓரத்திலேயே நின்றாள்.

"வெள்ளச்சி, இந்த நத்தயப் பாரேன். ஒண்ணுந்தெரியாதவன் மாதிரி மண்ணுக்கடியில போயி, அடுத்தவன் வூட்டுல ஓட்டய போட்டு உறிஞ்சிட்டு வந்துடறான். எங்க அண்ணன் ஆல்பர்ட்டேதான்."

"அப்ப இந்த மட்டி யாருக்கா?"

"அதுக்குத்தான் ஒரு ஆளு வூட்டுல கீறாரே. வாயத் தொறந்துக்கினே கெடப்பாரு, எவன் வந்து இன்னா பண்றான்னு தெரியாது."

இரண்டு பேரும் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். மோட்டார் கொட்டகை நிழலில் கிறிஸ்துதாஸ் உட்கார்ந்திருந்தான். அவன் காதில் விழுந்ததா என்று பாத்திமா கவலைப்படவில்லை. விழட்டுமே.

இப்போது பாத்திமாவின் பெருமையைச் சொல்ல வேண்டும். புழு என்றால் அந்தச் சுற்று வட்டாரத்தில் அவள்தான். மண்புழு உரம் போடுகிறவள். மகளிர் குழுவுக்கு அவள் குழியிலிருந்துதான் விதைப்புழு போகும். புளித்த சாணியைக் கரைத்து ஊற்றி மேலே ஈரச்சாக்கைப் போட்டால், விடிவதற்குள் அத்தனை புழுவும் சாணிக்கு மேலே ஏறி நெளியும். ஏறவில்லை என்றால் குழியில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். அவள் குழியில் ஏறாமல் இருந்ததே கிடையாது. அப்படிப்பட்டவள் இருக்கும்போது கிறிஸ்துதாஸ் புழு வளர்க்கிறானாம்! பாக்கெட்டில் வந்த தூளை, கோவிலில் விபூதி கொடுக்கிற மாதிரி சிட்டிகை சிட்டிகையாகத் தூவிக்கொண்டிருந்தான்.

"நூலாட்டம் கெடக்குது பாரு," என்றாள் வெள்ளச்சியிடம். "வயித்துக்குப் போட்டாத்தான தேறும். கம்பெனிக்காரன் சொன்னானாம், ஜாஸ்தி போடக்கூடாதாம். தீனிய கம்மியா போட்டா எந்த உசுருடி வளரும்? இவரையும் உட்டா இத்த மொத்தமும் பட்டினி போட்டே கொன்னுடுவாரு."

"நீ எதுனா போடேன்கா."

"எனக்கென்ன வந்துச்சு? எப்பிடியோ போவட்டும்."

சொன்னாளே தவிர மனம் கேட்கவில்லை. புருஷன் மேல் இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். வாயில்லாத ஜீவன் பட்டினி கிடக்கிறதே என்பது ஒன்று. அதைவிட, புழு செத்தால் தண்ணீர் கிணற்று மேட்டிலேயே தங்கிப்போகும் என்பது இன்னொன்று. மறுநாள் உச்சி வெயிலில் கிறிஸ்துதாஸ் கொட்டகையில் துண்டை விரித்துப் படுத்திருந்தபோது, புளித்த சாணியை ஒரு அன்னக்கூடை நிறையக் கரைத்துக் கொண்டுவந்து தொட்டி முழுக்கத் தெளித்தாள். அதற்கு அடுத்த நாளும் தெளித்தாள். தண்ணீர் லேசாகப் பச்சை பூத்தது.

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். புழு அத்தனையும் மேலே. குழாயை விட்டு முழு உடம்பும் வெளியே வந்து மண்ணின் மேல் நெளிந்துகொண்டு கிடந்தன. மட்டிகூடப் பாதி மேலே ஏறியிருந்தது.

"வெள்ளச்சி! வாடி இங்க! எப்பிடி ஏறி வந்துக்கீது பாரு! சாணி வாசத்துக்கு ஏறாத புழு உண்டாடி உலகத்துல!"

"ஐயோ, இம்மாம் புழுவா இருந்துச்சு உள்ள!"

"தூளாம் தூளு. கடல்ல இருந்தா இன்னா, காட்டுல இருந்தா இன்னா, புழுன்னா புழுதான்."

சத்தம் கேட்டுக் கிறிஸ்துதாஸ் வந்தான். பாத்திமா அன்னக்கூடையைக் காலால் பின்னுக்குத் தள்ளினாள். அவன் குனிந்து தொட்டியைப் பார்த்தான், தண்ணீரில் மிதந்த வைக்கோல் துணுக்கைப் பார்த்தான், அவளையும் ஒரு தரம் பார்த்தான்.

"நல்லாத்தான் வருதுமே," என்றான்.

"நீ பாத்தா வரும்? போ, போயி மாட்டக் கட்டு."

விடிந்தபோது நாற்றம் வீட்டு வாசல் வரை வந்து எழுப்பியது. அழுகின முட்டை நாற்றம். பாத்திமா வாயில் புடவையை வைத்துக்கொண்டு ஓடினாள். நேற்று வரை சந்தன நிறத்தில் இருந்த மண் அடுப்புக் கரி மாதிரி கறுத்துக் கிடந்தது. புழுக்கள் வெளுத்துப்போய் நூல்கண்டு அவிழ்ந்த மாதிரி மிதந்தன. மட்டிகள் வாயைப் பிளந்திருந்தன. அத்தனை சாமர்த்தியக்கார நத்தையும் ஓட்டுக்கு வெளியே தொங்கிப்போய்க் கிடந்தது. நண்டு மட்டும் எப்படியோ காற்றுக் குழாயைப் பிடித்து மேலே ஏறியிருந்தது. அதைப் பார்த்தவுடன் அவளுக்குப் புரிந்துவிட்டது. தன் குழியில் சாணி போட்டால் புழு மேலே வருவது தின்பதற்கு. இதுகள் மேலே வந்தது மூச்சு முட்டி.

புரிந்தது. ஆனால் வாயில் வேறு வந்தது.

"கொன்னுட்டியா! இத்தயும் கொன்னுட்டியா! உன் கைய அடுப்புல வெக்க!"

கிறிஸ்துதாஸ் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். தான் கத்துவது தன் காதுக்கே கொஞ்சம் ஜாஸ்தியாகப்பட்டது பாத்திமாவுக்கு. அதனால் இன்னும் கொஞ்சம் உரக்கக் கத்தினாள்.

கம்பெனிக்காரனுக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தபோது போன் அணைந்திருந்தது. மாடியைக் காலி செய்துகொண்டு போய் ரொம்ப நாளாகிறது என்று ஆல்பர்ட் சொன்னான், ஏதோ இன்றைக்குத்தான் ஞாபகம் வந்த மாதிரி. பக்கத்து நிலத்துக் காசிநாதனிடம் டிராக்டர் டேங்கர் இருந்தது. உப்புத் தண்ணீர் ஏற்றினால் துருப்பிடித்துவிடும் என்று அவர் கையை விரித்தார். மேற்கே மலை உச்சி கறுத்துக்கொண்டு வந்தது. ஐப்பசி மழை எந்த நேரமும் இறங்கும். தொட்டி நிரம்பி வழிந்தால் கிணறு ஆறு காலடி தூரம்கூட இல்லை.

போதாததற்கு அன்றைக்குப் பார்த்து அவர்கள் வீட்டுக்கு மாதா வருகிற முறை. அக்டோபர் செபமாலை மாதம். மாதாவின் சொரூபச் சிலை ஒவ்வொரு நாளும் ஒரு வீடு போகும், தெரு ஜனம் பின்னால் வரும், ஜெபம் முடிந்ததும் சுண்டலும் டீயும் உண்டு. முறையை மாற்றச் சொல்லிப் பாத்திமா எஸ்தரிடம் கேட்டாள். எஸ்தர்தான் ஜெபம் முன்னின்று சொல்கிறவள்.

"மாதாவுக்கு நாத்தம் ஏதுமே? நாங்க வர்றோம்," என்றாள் எஸ்தர்.

மாதாவுக்கு எப்படியோ, எஸ்தருக்கு நாற்றம் இருந்தது. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் சொல்ல, மற்றவர்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு பதில் சொல்ல, ஐம்பத்து மூன்று மணி ஜெபமும் அத்தனை வேகத்தில் ஓடியதை அந்தத் தெரு அதற்கு முன் கண்டதில்லை. அவித்த கடலையை வாங்கிய கையோடு முந்தானையில் முடிந்துகொண்டார்கள். வாயில் போட்டவர் ஒருவரும் இல்லை.

தங்கை வீட்டுச் செபமாலை ஆச்சே என்று ஆல்பர்ட்டும் வந்திருந்தான். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். ஜனம் கலையாமல் நின்றது. சுண்டல் போனாலும் சண்டையை விட்டுவிட்டு யார் போவார்கள்?

"இன்னாது இது, வைக்கலு மெதக்குது? சாணி! யோவ், கடல் புழுவுக்குச் சாணி போட்டு வெச்சிக்கிறீங்களே! எவன் போட்டது?"

பாத்திமா டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"நாந்தான் மச்சான்," என்றான் கிறிஸ்துதாஸ். "மண்புழு மாதிரின்னு நெனச்சிட்டேன்."

"நெனச்சியா? உனக்கு நெனப்பு வேறயா?" ஆல்பர்ட் ஜனத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். "கேட்டுக்கோங்க. ஒரு உருப்படியான வழியக் காட்டி உட்டா, சாணியக் கரைச்சி ஊத்திக்கிறான். தண்டம்! சோத்துக்குக் கேடு. இந்த மாட்டுக்கு என் தங்கச்சியக் கட்டிக் குடுத்தோம் பாரு, எங்கப்பனச் சொல்லணும். கொட்டாயில கட்டி வெச்சித் தவுடு காட்ட வேண்டிய ஆளு."

சிலர் சிரித்தார்கள். கிறிஸ்துதாஸும் கூடச் சேர்ந்து லேசாகச் சிரித்தான். அதுதான் பாத்திமாவால் தாங்க முடியவில்லை.

தண்டம் என்பது அவளுடைய சொல். சோற்றுக்குக் கேடு அவளுடையது. தவிடு, கொட்டகை, மாடு எல்லாம் அவள் இத்தனை வருஷமாகத் தன் அடுப்படியில் வைத்துப் புழங்கியவை. அதை ஒருத்தன் எடுத்து வந்து தெருவில் கொட்டுகிறான். நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காருகிறவன்.

"ணா, நிறுத்து."

"நீ இரு பாத்திமா, உனக்குத் தெரியாது..."

"எனக்கா தெரியாது? என் வூட்டுக்காரர நான் சொல்லுவேன். ஆயிரம் சொல்லுவேன், அது என் பாத்யத. நீ யாரு சொல்றதுக்கு? இவரா கடலுக்குப் போயி மண்ணு அள்ளியாந்தாரு? நீதான கொண்டாந்து கொட்டுன? உன் மாடியில குந்தியிருந்தவன் எங்க? கூப்புடு பாக்கலாம். வரமாட்டானா? அப்ப இந்தா கேனு. தூக்கு. மழ வர்றதுக்குள்ள கல்லு ஒடச்ச குழியில கொண்டுபோயி ஊத்தணும். எங்கப்பன் கெணறுதான? உனக்கும் அப்பன்தான? தூக்கு!"

அவள் நீட்டிய பிளாஸ்டிக் கேனை ஆல்பர்ட் ஏதோ பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். அவனுக்கு இடுப்பில் ஏதோ வலியாம், டாக்டர் கனம் தூக்கக்கூடாது என்றிருக்கிறாராம். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தான். ஜனமும் கலைந்தது. எல்லாவற்றையும் சொன்ன பாத்திமா, சாணி போட்டது தான்தான் என்ற ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டாள்.

விடியக் கருக்கலிலேயே ஆரம்பித்தார்கள். பாத்திமா வாளியால் மொண்டு கேனில் ஊற்றுவாள், வெள்ளச்சி மூடி போட்டுத் தூக்கி விடுவாள், கிறிஸ்துதாஸ் மொபட்டின் இரண்டு பக்கமும் கேனைக் கட்டிக்கொண்டு மலையடிவாரத்துக் கல்லுடைத்த குழிக்குப் போய் ஊற்றிவிட்டு வருவான். போகிற வழியெல்லாம் ஜனம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டது. இன்னாய்யா, கடல மலைக்கு ஏத்தறியா என்றான் டீக்கடைக்காரன். அடுத்து திமிங்கலமா என்றான் இன்னொருத்தன். அவன் எல்லாருக்கும் தலையை ஆட்டிவிட்டுப் போனான், வந்தான். கைகளில் உப்புப் பட்டு வெடித்திருந்தது. கால் ஆட்டிக்கொண்டு உட்காரத்தான் அவனுக்குத் தெரியும் என்று நினைத்திருந்த பாத்திமா மொண்டு ஊற்றிக்கொண்டே பார்த்தாள்.

நடுவில் நின்று ஆளுக்கு ஒரு சட்டி கேழ்வரகுக் கூழைக் குடித்தார்கள். தொட்டுக்கொள்ள வெங்காயம். கருவாடு சுடட்டுமா என்று வெள்ளச்சி கேட்டதற்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள். அந்த நண்டை என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். வெள்ளச்சி அதை எப்போதோ தணலில் சுட்டுத் தின்றிருந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் மழை இறங்கியது. மலையிலிருந்து வெள்ளையாக நடந்து வந்து மரவள்ளிக் காட்டின் மேல் விழுந்தது. தொட்டியில் இன்னும் கணுக்கால் தண்ணீர் இருந்தது. கிறிஸ்துதாஸ் வண்டியை நிறுத்திவிட்டு, மம்முட்டியை எடுத்துத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவில் வரப்பு கட்டினான். பாத்திமா நனைந்த சாக்குகளை எடுத்து அதன்மேல் அமுக்கினாள். மழைச் சத்தத்தில் வெள்ளச்சிக்குக் கேட்காது என்று தெரிந்ததும் கேட்டுவிட்டாள்.

"யோவ். சாணி நீ போட்டேன்னு ஏன்யா சொன்ன?"

அவன் மண்ணை வெட்டிப் போட்டுக்கொண்டே, "நீ போடும்போது பாத்தேன்மே. முழிச்சிக்கினுதான் படுத்திருந்தேன்," என்றான்.

"ரெண்டு நாளுமா?"

"ம்."

"பாத்துட்டு ஊமையாட்டம் படுத்திருந்தியா? எழுந்து வந்து தடுக்கறதுக்கென்ன கேடு? கம்பெனிக்காரன் ஜாஸ்தி போடக்கூடாதுன்னு உன்கிட்டதான சொன்னான்?"

"சொன்னான்தான்." மம்முட்டியை ஊன்றிக்கொண்டு முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தான். "அவன் எவனோ. நீ போட்டா சரியாத்தான் இருக்கும்னு உட்டுட்டேன். புழுவப் பத்தி உனக்குத் தெரியாததா? எனக்குத்தான் ஒண்ணும் வெளங்கறதில்ல."

குத்திக் காட்டுகிறானோ என்று பாத்திமா அவன் முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அந்த ஆளுக்குக் குத்திக் காட்டவெல்லாம் வராது. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு மறுபடியும் வெட்ட ஆரம்பித்துவிட்டான். இத்தனை வருஷமாக அவள் அவன் மேல் எறிந்ததெல்லாம் நெஞ்சுக்குள் திரும்பி வந்து விழுந்தது. வெட்கமாக இருந்தது. சாக்கை இன்னும் அழுத்தி அமுக்கினாள்.

மழை விட்டபோது வரப்பு நின்றிருந்தது. மீதித் தண்ணீரையும் மொண்டு கொண்டுபோய்க் குழியில் ஊற்றி, கறுத்த மண்ணின்மேல் தார்ப்பாயை இழுத்து மூடிக் கல்லை வைத்தார்கள். வெள்ளச்சி கூலிக்குப் பதில் ஒரு சுமை மரவள்ளிக் கிழங்கு கேட்டு வாங்கிக்கொண்டு மலை பஸ்ஸுக்குக் கிளம்பினாள். கிணற்றுக்குள் ஏதாவது இறங்கியிருக்குமா என்று யாரும் பேசவில்லை. எப்படியும் பார்த்துத்தானே ஆக வேண்டும்.

பாத்திமா தாம்புக் கயிற்றை விட்டு ஒரு வாளி சேந்தினாள். வாளியைச் சுவர்மேல் வைத்தாள். பிறகு சொம்பில் மொண்டு கிறிஸ்துதாஸிடம் நீட்டினாள்.

"குடிச்சிப் பாரு."

அவன் நம்பாமல் அவளைப் பார்த்தான். அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்து, வாயில் வைத்திருந்து விழுங்கினான். இன்னொரு மடக்கும் குடித்தான்.

"உப்பு இல்லமே. நல்லாத்தான் கீது," என்று சொல்லி, அவளும் பார்ப்பாள் என்று சொம்பைத் திருப்பி நீட்டினான்.

பாத்திமா சொம்பை வாங்கிச் சுவர்மேல் கவிழ்த்தாள். வாளித் தண்ணீரைக் குடத்தில் ஊற்றி இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"வா, உல வெக்கணும்," என்று சொல்லிவிட்டு, ருசி பார்க்காமலே வீட்டுக்கு நடந்தாள்.